கிராஃபிக் கார்டுக்கு ஆர்க்டிக் பி12 ஜோடி: சுங்கை சிப்புட் சூட்டுக்கு ஈடுகொடுக்குமா?

மதியம் 2 மணிக்குத் தகரக் கூரை வீட்டின் முன்னறை 33, 34 டிகிரிக்கு ஏறிவிடும். ஏர்கோன் இருந்தாலும் படுக்கையறையில்தான். கணினி இருப்பதோ ஹாலில், சாமி மேடைக்குப் பக்கத்து மேசையில். மலேசியாவின் சுங்கை சிப்புட் மட்டுமல்ல, செம்பனைத் தோட்டம் சூழ்ந்த எந்த ஊரிலும் இதுதான் நிலவரம். இந்தச் சூட்டில் வேகத்தைக் கூட்டி ஓவர்கிளாக் செய்த கிராஃபிக் கார்டை ஓட்டுகிறவர்களுக்காக எழுதியது இது.

பொருள் இரண்டு. ஆர்க்டிக் பி12 பிடபிள்யூஎம் பிஎஸ்டி என்ற 120 மிமீ காற்றாடி ஒரு ஜோடி. அதைக் கார்டிலேயே செருக ஒரு மினி 4 பின் மாற்றுக் கேபிள். கார்டின் பிளாஸ்டிக் மூடியையும் அதிலுள்ள சின்னக் காற்றாடிகளையும் கழற்றி வைத்துவிட்டு, இந்த ஜோடியை ஹீட்சிங்க் (வெப்பத்தை உறிஞ்சும் உலோகத் தகட்டு அடுக்கு) மேல் நேராகக் கட்டுவதுதான் வேலை. உதாரணத்துக்கு இரட்டைக் காற்றாடி வைத்த ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ கார்டை எடுத்துக்கொள்வோம். 200 வாட் இழுக்கும் கார்டு. 83 டிகிரியை இலக்காக வைத்து, அதைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

கடையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு: "அண்ணே, கார்டு 83 காட்டுது, ஃபேன் மாத்தலாமா?" விவரம் தெரிந்த அண்ணன் திருப்பிக் கேட்பார்: "ரூம் எவ்வளவு காட்டுது தம்பி?" இந்தக் கேள்வியில்தான் முழு விஷயமும் இருக்கிறது. எந்தக் காற்றாடியும் கார்டை அறைச் சூட்டுக்குக் கீழே கொண்டுபோகாது. அறைக்கும் கார்டுக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும், அவ்வளவுதான். வெளிநாட்டு மதிப்பீட்டில் 24 டிகிரி அறையில் 68 காட்டிய கார்டுக்கு இடைவெளி 44. அதே கார்டு நம் 33 டிகிரி ஹாலில் 77. கணினிப் பெட்டிக்குள் தேங்கும் சூடான காற்றுக்கு இன்னொரு 5, 6 டிகிரி சேர்த்தால் 83 வந்துவிட்டது. கார்டில் பழுது எதுவும் இல்லை. இதன்மேல் பவர் லிமிட்டை 110 சதவீதத்துக்குத் தூக்கினால் 220 வாட். இடைவெளியும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் 48 ஆகும். ஆகவே ஒரு மலிவான வெப்பமானியை வாங்கிப் பெட்டியின் முன்பக்கம், காற்று உள்ளே போகும் இடத்தில் வையுங்கள். காற்றாடி மாற்றும் முன்பும் பின்பும் இடைவெளியை மட்டும் ஒப்பிடுங்கள். மழை பெய்த இரவில் ஒரு சோதனை, மறுநாள் மதிய வெயிலில் இன்னொரு சோதனை என்று எடுத்தால் கணக்கே தப்பாகிவிடும்.

ஒழுங்காகக் கட்டினால் இந்த இடைவெளி 5 முதல் 15 டிகிரி வரை குறைகிறது. எவ்வளவு என்பது உங்கள் பழைய மூடி எவ்வளவு மோசம் என்பதைப் பொறுத்தது. கனமான ஹீட்சிங்க், நல்ல மூன்று காற்றாடி வைத்த விலையுயர்ந்த கார்டில் பலன் சொற்பம். மெலிந்த பிளாஸ்டிக் மூடிக்குள் 80, 90 மிமீ காற்றாடி இரண்டு கத்திக்கொண்டிருக்கும் மலிவு ரகக் கார்டில்தான் இது கொடிகட்டிப் பறக்கும். சத்தம் குறைவது இன்னும் பெரிய லாபம். சின்னக் காற்றாடி நிமிடத்துக்கு 3000 சுற்றுக்கு மேல் ஓடித் தள்ளும் காற்றை, 120 மிமீ காற்றாடி அதில் பாதிச் சுற்றிலேயே தள்ளிவிடும்.

பி12ஐ ஏன் எடுத்தோம் என்றால், அது அழுத்தத்துக்காக வடிவமைத்த காற்றாடி. அதிகபட்சம் 1800 ஆர்பிஎம், நிலை அழுத்தம் 2.2 மிமீ நீரளவு. ஹீட்சிங்கின் தகடுகள் நெருக்கமாக இருக்கும்; அந்த இடுக்கில் காற்றை நுழைக்க அழுத்தம் வேண்டும். வண்ண விளக்கு மின்னும் அழகுக் காற்றாடிகளில் பல, திறந்த வெளியில் நிறையக் காற்று தள்ளுவதாகப் பெட்டியில் போட்டிருக்கும். தகட்டின் மேல் வைத்ததும் காற்று பக்கவாட்டில் சிதறிப் போய்விடும். நொக்டுவா என்எஃப்-ஏ12x25 இன்னும் மேலானது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது ஒன்று வாங்கும் காசுக்கு பி12 ஒரு ஜோடி வாங்கி, கேபிளும் வாங்கி, மிச்சமும் கையில் நிற்கும். பிஎஸ்டி என்ற பெயரையும் பார்த்து வாங்குங்கள்: இந்த வகையின் கேபிளில் இன்னொரு காற்றாடியைச் செருகும் வாய் இருக்கும். முதல் காற்றாடியில் இரண்டாவதைச் செருகிவிட்டால் கார்டுக்கு ஒரே ஒரு மாற்றுக் கேபிள் போதும். சுற்றெண்ணிக்கை சமிக்ஞையும் முதல் காற்றாடியிலிருந்து மட்டும்தான் போகும், குழப்பம் வராது.

பி12க்கு ஒரு குறை உண்டு, மறைக்கக் கூடாது. 1000 ஆர்பிஎம் பக்கத்தில் வரும்போது ஒரு ரீங்காரம் கேட்கும். பலமான சத்தமில்லை, தூரத்தில் எங்கோ மோட்டார் ஓடுவது போல "ம்ம்ம்" என்று இருக்கும். பகலில் யாருக்கும் கேட்காது. இரவு 11 மணிக்கு வீடு அடங்கியபின் காதில் குடைச்சலாக இருக்கும். காற்றாடியின் சட்டம் தகட்டில் நேராகப் பட்டிருந்தால் ஹீட்சிங்கும் சேர்ந்து அதிரும். நான்கு மூலைக்கும் 3 மிமீ நுரைப் பட்டை வைத்துக் கட்டினால் பாதி அடங்கும். மீதியை காற்றாடி வளைவில் (எந்தச் சூட்டுக்கு எவ்வளவு வேகம் என்ற அமைப்பில்) சரிசெய்யலாம், கீழே சொல்கிறேன்.

இனி கேபிள். காற்றாடியைவிட இதில்தான் கவனம் வேண்டும், காரணம் கார்டைச் சாகடிக்கக்கூடியது இதுதான். மதர்போர்டில் உள்ள காற்றாடி முனையின் ஊசிகள் 2.54 மிமீ இடைவெளியில் இருக்கும். கார்டில் உள்ளது பெரும்பாலும் 2 மிமீ இடைவெளி கொண்ட மினி முனை. ஒரு பக்கம் இரண்டு சின்னத் தடுப்பு விலா ஓடும், தலைகீழாகச் செருகாமல் காப்பதற்காக. பழைய காற்றாடியின் முனையைக் கழற்றும்போது வயரைப் பிடித்து இழுத்தால் வயர் கையோடு வந்துவிடும், அல்லது கார்டிலுள்ள வெள்ளைக் கூடே பெயர்ந்துவிடும். தட்டை ஸ்குருடிரைவரின் நுனியை இரு ஓரத்திலும் மாறி மாறிக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்குங்கள்.

வாங்கும் முன் பழைய முனையில் எத்தனை வயர் என்று எண்ணுங்கள். நான்கு என்றால் கேபிள் சேரும். சில கார்டுகளில் 6 அல்லது 7 ஊசி முனை இருக்கும். அதற்கு இந்தக் கேபிள் உதவாது. நான்கு ஊசி இருந்தாலும் எல்லாக் கார்டிலும் வரிசை ஒன்றே என்று நம்பிவிடாதீர்கள். இணையக் கடைகளில் பெயரில்லாத கேபிள் சில வெள்ளிக்குக் கிடைக்கிறது, சிலவற்றில் வயர் இடம் மாறிக் கோத்திருக்கும். காற்றாடியைச் செருகுவதற்கு முன் கேபிளை மட்டும் கார்டில் மாட்டிக் கணினிக்கு மின்சாரம் கொடுத்து, மறுமுனையில் மல்டிமீட்டர் வையுங்கள். வழக்கமான 4 பின் வரிசையில் முதல் ஊசி தரை, இரண்டாவது 12 வோல்ட், மூன்றாவது சுற்றெண்ணிக்கை, நான்காவது பிடபிள்யூஎம் எனும் வேகக் கட்டுப்பாடு. முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே 12 வோல்ட் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் உடனே அணைத்துவிட்டு, காற்றாடியைச் செருகாதீர்கள். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். எந்த விளையாட்டையும் ஓட்டாமல் திரையை மட்டும் காட்டும் கார்டு காற்றாடி இல்லாமல் அந்த ஒரு நிமிடத்தைத் தாங்கும்.

மின் சுமையைப் பற்றிப் பயம் வேண்டாம். பி12 ஒன்றுக்கு 0.1 ஆம்பியர் அளவுதான் எடுக்கும். நீங்கள் கழற்றிய காற்றாடிகளின் ஒட்டுத்தாளைத் திருப்பிப் பாருங்கள், அவை இதைவிடப் பல மடங்கு எடுத்திருக்கும். ஆனால் மூன்றாவது, நான்காவது காற்றாடி என்று பெட்டிக் காற்றாடியையும் இதே சங்கிலியில் கோக்காதீர்கள்.

கழற்றும் வேலை கார்டுக்குக் கார்டு மாறும். சுவர் சுவிட்சை அடைத்து, கணினியின் பொத்தானை ஒரு தடவை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிவிட்டு, கார்டை எடுத்துச் சுத்தமான துண்டின் மேல் கவிழ்த்து வையுங்கள். நல்வாய்ப்பான கார்டுகளில் மூடியைப் பிடித்திருக்கும் நான்கு முதல் ஆறு சின்னத் திருகுகள் வெளியிலிருந்தே தெரியும். ஹீட்சிங்கைத் தொடவே வேண்டாம். வேறு சிலவற்றில் அந்தத் திருகுகள் ஹீட்சிங்குக்கும் போர்டுக்கும் இடையில் ஒளிந்திருக்கும். அப்படியென்றால் சிப்பைச் சுற்றியுள்ள நான்கு ஸ்பிரிங் திருகையும் கழற்றித்தான் ஆக வேண்டும். சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே இருக்கும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது போட வேண்டும், எம்எக்ஸ்-4 போதும். மெமரி சிப்புகளின் மேல் இருக்கும் தெர்மல் பேட் கிழிந்தால் அதே தடிமனில்தான் மாற்ற வேண்டும். 1 மிமீ இருந்த இடத்தில் 1.5 மிமீ வைத்தால் ஹீட்சிங்க் சிப்பில் சரியாக உட்காராது, முன்பைவிடச் சூடாகும். திருகும்போது குறுக்கு மறுக்காக, ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சம் இறுக்குங்கள். உத்தரவாதக் காலம் மிச்சமிருக்கும் கார்டில் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

மூடி கழன்றதும் ஹீட்சிங்கின் நிஜ முகம் தெரியும். நம் ஊர்க் கார்டு என்றால் காற்றாடி இருந்த இரண்டு வட்டத்திலும் தகடுகளுக்கு நடுவே சாம்பல் நிறக் கம்பளி போல ஒரு படலம் அடைத்துக் கிடக்கும். செம்மண் புழுதி, ஆலைப் புகையின் கரி, புகைமூட்டக் காலத் தூசு எல்லாம் இதில் உண்டு. ஹாலில் தினமும் போடும் சாம்பிராணியும் கற்பூரமும் அதன்மேல் மெல்லிய பிசுக்காகப் படிந்து, தூசை ஒட்டவைத்துவிடும். ஊதி மட்டும் போகாது. மென்மையான பெயிண்ட் தூரிகையால் தகட்டின் நீளவாக்கில் தேய்த்து, பிறகு ஊதுங்கள். இந்தக் கம்பளியை எடுத்ததுமே சில கார்டுகளில் பல டிகிரி இறங்கிவிடும். ஆகவே சுத்தம் செய்துவிட்டு மூடியைத் திரும்ப மாட்டி ஒரு தடவை சோதியுங்கள் என்று மனமாரச் சொல்கிறேன். அதுவே போதுமென்றால் காற்றாடிக்குக் கொடுக்கும் காசு உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

கட்டுவதற்கு முன் அளவு பாருங்கள். இரண்டு பி12 சேர்ந்தால் 240 மிமீ நீளம், 25 மிமீ தடிமன். ஒரு ஸ்லாட்டின் (மதர்போர்டில் கார்டு செருகும் இடம்) அளவு 20.32 மிமீ. இரண்டு ஸ்லாட் கார்டாக இருந்தது இப்போது ஏறக்குறைய மூன்று ஸ்லாட்டாகும். காற்றாடிக்கும் பெட்டியின் அடித்தளத்துக்கும் நடுவில் குறைந்தது 20 மிமீ வெற்றிடம் வேண்டும், இல்லாவிட்டால் மூச்சுத் திணறும். சின்ன மதர்போர்டு வைத்த பெட்டியில் கீழே இருக்கும் யுஎஸ்பி, ஆடியோ வயர்கள் நிமிர்ந்து வந்து இறக்கையில் உரசும். அவற்றை முதலில் மடக்கிக் கட்டுங்கள். இடம் போதாதவர்களுக்கு பி12 ஸ்லிம் இருக்கிறது, 15 மிமீ தடிமன், 2100 ஆர்பிஎம் வரை ஓடும்.

காற்றாடியின் எந்தப் பக்கம் ஊதும் என்பதில் பலர் ஏமாறுவார்கள். குறுக்குக் கம்பிகளும் ஒட்டுத்தாளும் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். அது ஹீட்சிங்கைப் பார்த்து இருக்க வேண்டும். கட்டுவதற்கு 2.5 மிமீ அகலக் கேபிள் டை எடுங்கள்; 3.6 மிமீ என்றால் தகடுகளுக்கு நடுவே நுழையாது. ஹீட்பைப்பை விலக்கி, தகட்டு இடுக்கு வழியாக விட்டு, காற்றாடியின் மூலைத் துளையில் கோத்து இழுங்கள். தகடு வளையும் அளவுக்கு இறுக்க வேண்டாம். கையால் ஆட்டினால் ஆடாமல் இருந்தால் சரி. சாதாரண நைலான் டை 85 டிகிரி வரை தாங்கும், தகட்டின் ஓரம் அவ்வளவு சுடாது. ஆனால் மலிவு ரகம் ஒரு வருடத்தில் காய்ந்து முறிந்துவிடும், முறிந்தால் காற்றாடி ஒரு பக்கம் தொங்கும். நல்லதாக வாங்கி, மூலைக்கு ஒன்று போடுங்கள். டையின் தலையும் வெட்டிய வாலும் இறக்கை சுற்றும் பாதைக்கு வெளியே இருக்க வேண்டும்.

பலர் விட்டுவிடும் ஒரு வேலை உண்டு, பலனில் பாதி அதில்தான். ஹீட்சிங்கின் அகலம் பெரும்பாலும் 100, 110 மிமீதான், காற்றாடி 120. துருத்தி நிற்கும் அந்த ஓரத்தின் வழியாக காற்று எந்தத் தகட்டையும் தொடாமல் கீழிறங்கிப் போகும். காற்றுக்கு சுலபமான வழி கிடைத்தால் கடினமான வழியில் ஏன் போகப்போகிறது? கதவு இடுக்கில் ஒட்டும் நுரைப் பட்டை இரும்புக்கடையில் சுருளாகக் கிடைக்கும். காற்றாடிச் சட்டத்துக்கும் ஹீட்சிங்க் விளிம்புக்கும் நடுவே உள்ள இடைவெளி முழுவதும் அதை வைத்து அடையுங்கள். மூடியின் வேலையே அதுதான், காற்றைத் தகட்டுக்குள் அடக்குவது. மூடியைக் கழற்றிய பிறகு அந்த வேலையை நுரைதான் செய்ய வேண்டும். காற்று வெளியே போகும் நீளப் பக்கங்களைத் தகட்டின் மட்டத்தில் அடைத்துவிடக் கூடாது.

மின்சாரப் பகுதியையும் பாருங்கள். போர்டின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் சதுரக் காயில்களின் மேலும் கொஞ்சம் காற்று போக வேண்டும். 3060 டிஐ கார்டுகள் பலவற்றில் மெமரியின் வெப்பத்தை மென்பொருள் காட்டாது, அதனால் சிப் குளிர்ந்திருக்கிறது என்று மட்டும் பார்த்துத் திருப்திப்பட முடியாது. மெமரியை ஓவர்கிளாக் செய்திருக்கும்போது திரையில் புள்ளிகளோ கட்டங்களோ மின்னினால், முதலில் மெமரி வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

கணினியைத் திறந்ததும் காற்றாடி முழு வேகத்தில் இரைந்தால் பிடபிள்யூஎம் வயர் சேரவில்லை. சுற்றுகிறது, ஆனால் மென்பொருள் 0 ஆர்பிஎம் காட்டுகிறது என்றால் சுற்றெண்ணிக்கை வயரில் கோளாறு. கார்டு சும்மா இருக்கும்போது நின்றிருந்தால் பதற வேண்டாம்; பல கார்டுகள் 50 டிகிரி பக்கம் வரும்வரை காற்றாடியை ஓட்டாது.

வளைவை மாற்றாமல் விட்டால் இத்தனை வேலையும் வீண். கார்டின் வளைவு 3000 சுற்று ஓடும் காற்றாடிக்காக எழுதியது. 75 டிகிரியில் அது 55 சதவீதம் கேட்டால், பி12 சுமார் 1000 சுற்றில் நிற்கும். குளிர்ச்சியும் குறைவு, ரீங்காரமும் சரியாக அங்கேதான். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் 50 டிகிரிக்கு 40 சதவீதம், 60க்கு 70, 75க்கு 100 என்று வையுங்கள். 40க்கும் 70க்கும் நடுவே கோடு செங்குத்தாக ஏறினால் ரீங்கார எல்லையைச் சட்டென்று தாண்டிவிடும். ஹிஸ்டெரிசிஸ் என்ற அமைப்பில் 4, 5 டிகிரி கொடுத்தால் காற்றாடி ஏறி இறங்கிக்கொண்டிருக்காது. ஆஃப்டர்பர்னர் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் இந்த வளைவு வேலை செய்யும். விண்டோஸோடு சேர்ந்து திறக்கும்படி அமைத்துவிடுங்கள். கேபிள் சேராத கார்டுக்காரர்கள் பி12ஐ மதர்போர்டில் செருகி, ஃபேன்கண்ட்ரோல் என்ற இலவச மென்பொருளில் கார்டின் வெப்பத்தைப் பார்த்து ஓடும்படி செய்யலாம். பயோஸில் (மதர்போர்டின் சொந்த அமைப்பில்) விட்டால் அது சிபியு வெப்பத்தைத்தான் பார்க்கும், கார்டு வெந்துகொண்டிருக்கும்போது காற்றாடி தூங்கும்.

சோதிக்கும்போது 5 நிமிட ஓட்டம் போதாது. பெட்டி முழுவதும் சூடேற 20, 30 நிமிடம் ஆகும். சிப் வெப்பம், ஹாட்ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான புள்ளி) வெப்பம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே 10 முதல் 15 டிகிரி இருப்பது வழக்கம். 25க்கு மேல் போனால் அது பேஸ்ட் காய்ந்ததாலோ ஹீட்சிங்க் கோணலாக உட்கார்ந்ததாலோதான். எத்தனை காற்றாடி கட்டினாலும் அது தீராது.

இன்னொரு சோதனை: பெட்டியின் பக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். 5 டிகிரிக்கு மேல் இறங்கினால் குற்றம் பெட்டியின் மேல். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட பெட்டியில் பி12 ஜோடி அதே சூடான காற்றைத்தான் திரும்பத் திரும்பச் சுற்றவிடும். அப்போது முன்னால் உள்ளே இழுக்க இரண்டு, பின்னால் வெளியே தள்ள ஒன்று என்று பெட்டிக்குக் காற்றாடி போடுவதே முதல் வேலை. உள்ளே வரும் காற்று அதிகமாக இருந்தால் தூசும் வடிகட்டி வழியாக மட்டுமே வரும். வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுங்கள். புகைமூட்டக் காலத்தில் வாரம் ஒரு முறை.

ஓவர்கிளாக்கையும் கொஞ்சம் மறுபரிசீலனை செய்யச் சொல்வேன். சிப்பின் மின் செலவு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். 1.05 வோல்ட்டில் ஓடும் சிப்பை அதே வேகத்தில் 0.925க்குக் கொண்டுவர முடிந்தால், அதன் செலவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். காற்றாடி வெப்பத்தைக் கார்டிலிருந்து எடுத்து அறையில் கொட்டுகிறது; கதவடைத்த 10க்கு 10 அறையில் அந்த 200 வாட்டும் உங்களோடுதான் இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் அறைச் சூட்டையும் ஏற்றிவிடும். வோல்டேஜைக் குறைத்தால் அந்த வெப்பம் பிறக்கவே பிறக்காது. நம் ஊர் வெயிலுக்கு வோல்டேஜைக் குறைத்து, பி12 ஜோடியும் கட்டிய கார்டுதான் மதியம் முழுக்கக் கடிகார வேகம் இறங்காமல் நிற்கும்.

ஆர்எக்ஸ் 6600 போன்ற 132 வாட் கார்டுக்கு இது தேவையில்லை. சுத்தம் செய்து வளைவை மாற்றினால் போதும். பின்பக்கமாக மட்டும் காற்றை வெளியேற்றும் ஊதல் வகைக் கார்டுக்கும் ஒத்துவராது, மூடிதான் அதற்குக் காற்றுக் குழாய். 3060 டிஐ, 3070, பழைய ஆர்எக்ஸ் 580 மாதிரி 180 வாட்டைத் தாண்டிய, உத்தரவாதம் முடிந்த, மெலிந்த மூடி போட்ட கார்டுகளுக்குத் தயங்காமல் வாங்கலாம். ஐந்துக்கு மதிப்பெண் கேட்டால் காற்றாடிக்கு நாலரை, ரீங்காரத்துக்காக அரை குறைத்தது. பெயரில்லாத கேபிளுக்கு மூன்றுக்கு மேல் கொடுக்க மனமில்லை, மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகும். கட்டி முடித்ததும் கார்டின் மறுமுனைக்கு ஒரு தாங்கி கொடுங்கள். காற்றாடி இரண்டின் எடையும் இப்போது அந்த ஒரு ஸ்லாட்டில்தான் தொங்குகிறது.